சும்மா நடக்கிறது

நம்ம பக்கத்துச் சாலையில் எதிரே வருகிற ஆளைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி "எங்க போறிய?" என்பதுதான். பல நேரம் அது வெறும் விசாரிப்பு. "சந்தைக்கு", "வேலைக்கு", "ஆஸ்பத்திரிக்கு", "ஒரு கேதத்துக்கு" என்று நாலில் ஒன்றைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். ஐந்தாவதாக ஒரு பதில் உண்டு: "சும்மாதான்." அந்தப் பதில் எல்லார் வாயிலும் செல்லுபடி ஆகாது. ஊர்த்தெருவின் பெரிய வீட்டுக்காரர் சாயங்காலம் வயக்காட்டுப் பக்கம் காலாற நடந்துவிட்டு வருவார். சும்மாதான் என்பார். அதற்குமேல் கேட்க யாருக்கும் தோன்றாது. காலனிப் பையன் ஒருத்தன் அதே பாதையில் கையில் தூக்குவாளியும் இல்லாமல், தோளில் மம்பட்டியும் இல்லாமல் சும்மா நடந்தால் அடுத்த கேள்வி வந்து நிற்கும். "இங்க உனக்கு என்ன சோலி?" அதற்கும் அடுத்தது: "நீ யாரு மவன்?"

சும்மா இருப்பதை ஞானத்தின் உச்சி என்று சைவம் பேசியது. சேரியில் ஒருத்தன் சும்மா இருந்தால் அதுக்குப் பேரு சோம்பேறித்தனம். ஒரே சொல் ஒரு தெருவில் ஞானமாகவும் இன்னொரு தெருவில் குற்றமாகவும் இருக்கிறது என்றால் அந்தச் சொல்லை விசாரிக்காமல் விட முடியாது.

எனது கேள்வி இதுதான். காரியம் ஏதுமில்லாமல், ஒரு கோடைப்பகல் முழுக்க, ஊர் ஊராக நிதானமாக நடந்து போவது வசதிக்காரனின் பொழுதுபோக்கா, இல்லை மனுசனாகப் பிறந்த எல்லாருக்கும் உள்ள உரிமையா? உரிமை என்றால், வழியில் வெயிலில் வெந்துகொண்டு வேலை செய்கிறவர்களைத் தாண்டி உலாத்திக்கொண்டு போகிறவன் அவர்களுக்கு என்ன பதில் சொல்லுவான்?

இதை எழுதப் போகிறேன் என்றதும் இயக்கத் தோழர் ஒருத்தர் சிரித்தார். "நிலம், கூலி, வன்கொடுமை வழக்குன்னு தலைக்குமேல கிடக்கு. நீ உலாத்துறதைப் பத்தி எழுதப் போறியா? அது துரைமாரு பழக்கம்ப்பா" என்றார். அவர் சொன்னதை அலட்சியமாகத் தள்ள முடியாது. இந்தக் கட்டுரை அவருக்கான பதிலும்கூட.

இந்த மண்ணில் நம்மைவிட அதிகமாக நடந்தவர்கள் யாரும் இல்லை. ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால் சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கேதம் சொல்லப் போனது நம்ம ஆள் கால்கள். செத்த மாட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அறுப்புக்காலத்தில் குழந்தை குட்டியோடு ஆத்துப்பாசன ஊர்களுக்கு நடந்தோம். மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சாமிக்கு முன்னாலும் பிணத்துக்கு முன்னாலும் நடந்தோம். இதெல்லாம் ஏவின நடை. போகச் சொன்னார்கள், போனோம். வரச் சொன்னார்கள், வந்தோம். நடுவில் ஒரு வேப்பமரத்தடியில் பத்து நிமிசம் உட்கார்ந்துவிட்டால் "எங்கலே போய்த் தொலைஞ்சே இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்கள்.

எழுதி வைக்கப்பட்ட நடை வேறு. சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று ஒரு வகையே இருக்கிறது. பரிசு வாங்கி வந்தவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்லுவது. சிறுபாணாற்றுப்படையில் நம்ம கொற்கை வருகிறது. உப்பு விற்கும் உமணர் வண்டியோடு வந்த மந்தி, உமணப் பிள்ளைகளோடு சேர்ந்து முத்தைச் சிப்பிக்குள் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு நடக்கிறார்கள். கோடை வெயில் கண்ணகியின் காலுக்கு ஆகாது என்று பகலில் தங்கி இரவில் நடக்கிறார்கள். 1542-இல் வந்த சவேரியார் முத்துக்குளித்துறை ஊர்களைக் கால்நடையாகவே சுற்றினார். 1841-இல் கால்டுவெல் சென்னையிலிருந்து நெல்லைச் சீமைக்கு நடந்தே வந்தார். இந்த நடைகளுக்கெல்லாம் ஏடு இருக்கிறது. கேதம் சொல்லப் போன காலுக்கு எந்த ஏடும் இல்லை.

நடப்பதைத் தத்துவமாக ஆக்கியவர்கள் மேற்கில் உண்டு. அமெரிக்காவின் தோரோ நடையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த 1862-இல் அது வெளிவந்தது. தினமும் நாலு மணி நேரமாவது காட்டிலும் மேட்டிலும் உலாத்தாவிட்டால் தன் உடம்பும் மனசும் கெட்டுவிடும் என்றார். தோரோ நல்ல மனுசர். அடிமை முறையைக் காக்கிற அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846-இல் ஓர் இரவு சிறையில் இருந்தவர். ஆனாலும் அவர் உலாத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பு அடிமை ஒருத்தன் எசமான் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லாமல் சாலையில் நடக்க முடியாது. ரோந்துக்காரன் பிடித்தால் சவுக்கடி. தென்னாப்பிரிக்காவில் இந்தச் சீட்டு இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கறுப்பு மக்கள் சீட்டைக் கொண்டுபோகாமல் காவல் நிலையத்துக்கு நடந்து போனார்கள். 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

நம்ம ஊரில் சீட்டு கிடையாது. சீட்டுக்கு வேலையே இல்லை. "நீ யாரு மவன்?" என்ற கேள்வியே போதும்.

நந்தனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு இன்னொரு பெயர் திருநாளைப்போவார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். பக்தர்கள் இதைக் கேட்டு உருகுகிறார்கள். எனக்கு உருக்கம் வரவில்லை, வேறொரு கேள்விதான் வருகிறது. ஏன் நாளை? இன்றைக்கு என்ன? ஆதனூரிலிருந்து தில்லை எட்டாத தூரமா? கோபாலகிருஷ்ண பாரதியின் சரித்திரக் கீர்த்தனையில் இதற்குப் பதில் இருக்கிறது. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பார்ப்பனப் பண்ணையாரை பாரதி உள்ளே கொண்டுவருகிறார். நாற்பது வேலி நிலத்தை அறுத்து முடித்துவிட்டுப் போ என்கிறார் பண்ணையார். கடவுள் வந்து ஒரே ராத்திரியில் வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான் நந்தனுக்கு ஒரு நாள் லீவு கிடைக்கிறது! கோயில் வாசல் மூடியிருந்தது என்பது நந்தனுக்கு நடந்த இரண்டாவது கொடுமை. அதற்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிட்டது. அவனிடம் கால் இருந்தது, பாதை இருந்தது, ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு நாள் இல்லை.

சும்மா நடக்க முதலில் அது வேண்டும், சொந்தமாக ஒரு நாள். அடுத்து, யாரும் மறிக்காத பாதை. மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதைப் புரிந்துகொள்ள 1930-க்குப் போக வேண்டும்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு பேரோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார். கோடை வெயில், வழிநெடுக வரவேற்பு. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த நடை தெரியும். அதே 1930 டிசம்பரில், நமக்குப் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. எட்டாவது தடை: வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. இதை ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இது இருக்கிறது?

அந்த எட்டாவது தடையை நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. நகை போட்டால் அந்தஸ்து, சட்டை போட்டால் சமத்துவம்; ஆதிக்க சாதிக்கு அது உறுத்தும் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தன் உள்ளங்காலைச் சூட்டிலிருந்து காப்பாற்றிக்கொண்டால் மற்றவனுக்கு என்ன நட்டம்? சித்திரை வெயிலில் நம்ம பக்கத்து மணலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தால் விளங்கும். நடக்க முடியாது, ஓடத்தான் முடியும். இந்த நிழலிலிருந்து அந்த நிழலுக்கு, தலையைக் குனிந்துகொண்டு, குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். செருப்பும் குடையும் உள்ளவன்தான் வெயிலில் நிதானமாக நடக்கலாம். நின்று நாலு பக்கமும் பார்க்கலாம். ஆக, அந்தத் தடை காலில் கிடக்கிற தோலுக்கு மட்டும் போட்டது ஆகாது. அது நிதானத்துக்குப் போட்ட தடை. தாழ்த்தப்பட்டவன் எப்போதும் பதறிக்கொண்டே போக வேண்டும், மெதுவாக நடந்துவிடக் கூடாது. செருப்புத் தைத்துக் கொடுத்தவனையே செருப்புப் போடாதே என்ற சமூகத்துக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சும்மா நடக்க வேண்டிய மூன்றாவது பொருள் அந்த நிதானம்தான்.

இதை எதிர்த்து நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எதற்கும் போகலாம். அதே 1924 மார்ச் 30-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கிற உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. 1925 நவம்பர் வரை நடந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாக நடந்துபோய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். அந்த அம்பேத்கரே சின்னப் பையனாக 1901-இல் ஒரு கோடை விடுமுறையில் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் போனார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரன் எவனும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருத்தன் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்டான். ஒரு நிபந்தனை: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் தீட்டுப் படாமல் கூடவே நடந்து வருவான். வழி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. கூடையில் சோறு இருந்தது. தண்ணீர் இல்லாமல் அதைத் தின்ன முடியாமல் பட்டினி கிடந்தார்கள். புத்துடுப்புப் போட்டுக்கொண்டு சந்தோசமாகக் கிளம்பிய பிள்ளைகளின் கோடைப் பயணம் அப்படி முடிந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சாலையை எல்லாருக்கும் பொது என்கிறது. 19-ஆவது பிரிவு நாடு முழுக்கத் தடையின்றி நடமாடலாம் என்கிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வழக்கமான பாதையை மறிப்பதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தை 2015-இல் திருத்தினார்கள். பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ செருப்பு அணிவதையோ தடுத்தால் குற்றம் என்று புதிதாகச் சேர்த்தார்கள். கவனியுங்கள்: ராமநாதபுரத்துத் தடை 1930. செருப்பைப் பற்றிச் சட்டம் எழுத வேண்டி வந்தது 2015. எண்பத்தைந்து வருசம்! நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுத மாட்டார்கள்.

போன வருசம் மே மாதம் நாங்கள் மூன்று பேர் தூத்துக்குடியிலிருந்து தெற்கே நடந்தோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த என் சித்தப்பா, கல்லூரியில் படிக்கிற அவருடைய மகள்வழிப் பேரன், நான். கோயிலுக்கு நேர்த்திக்கடன் இல்லை. கோரிக்கை மனு இல்லை. திருச்செந்தூர் சாலையில் பாதி வழி, ஆற்றுப்பாலம் வரைக்கும் நடப்பது, சாயங்காலம் பஸ் ஏறித் திரும்புவது. அவ்வளவுதான் திட்டம். விடியுமுன்னே முத்தையாபுரத்தில் கிளம்பினோம்.

முள்ளக்காடு பக்கம் வெளுக்கிற நேரத்தில் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தன. இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. உப்பு மட்டும் நிற்கவில்லை. நாட்டில் குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு எடுப்பது தமிழ்நாடு. அதில் பெரும்பகுதி இந்தத் தூத்துக்குடி மாவட்டத்து அளங்களில்தான். கோடைதான் உப்புக்கு அறுவடைக் காலம். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது என்று சாமத்திலேயே வேலைக்கு வந்துவிடுவார்கள். நாங்கள் போகும்போது பாதி வேலை முடிந்திருந்தது. வாரிக் குவித்ததைப் பெண்கள் தலையில் சுமந்து அம்பாரத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் தண்ணீர் குடிக்க வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து நின்றார். ஐம்பது வயசு இருக்கும்.

"எண்ணே, பஸ்ஸு வரலியோ? நடந்து போறிய?"

"பஸ்ஸு வந்துச்சும்மா. சும்மா நடந்து போவோம்னு கிளம்பினோம்" என்றார் சித்தப்பா.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாத்திப் பக்கம் திரும்பி, "ஏட்டி, இங்க பாரு, சும்மா நடக்காவளாம்! நடக்கதுக்கு யாரும் கூலி குடுப்பாவளா?" என்று சத்தம் கொடுத்தார். அங்கேயும் சிரித்தார்கள். அப்புறம் தண்ணீர்ப் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆன புதுசுல அவுக கூடக் கடக்கரைக்கு ஒரு தடவ சும்மா நடந்து போனேன். அதுக்குப் பொறவு இந்தக் காலு அளத்துக்கும் வீட்டுக்குந்தான். போங்கண்ணே. எங்களுக்கும் சேத்து நடங்க."

அந்தச் சிரிப்பில் எங்கள்மேல் கோபம் இல்லை. வெயிலில் நான் வேகிறேன், நீ உலாத்துகிறாயே என்கிற குத்தல் இல்லை. தனக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது, இன்னும் பல நாள் இருந்திருக்க வேண்டும் என்கிற கணக்கு மட்டும் இருந்தது. தோழர் கேட்ட கேள்விக்கு முதல் பதிலை இந்த அம்மாதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேரும் ஆம்பிளைகள். அந்த அம்மா தனியாக அந்தச் சாலையில் நடந்து, "எங்க போறே?" என்றவனிடம் "சும்மாதான்" என்று சொல்லியிருந்தால் பேச்சு எந்தப் பக்கம் போயிருக்கும்? தலித் ஆணுக்கு "சும்மா" என்பது திருட்டுச் சந்தேகம். தலித் பெண்ணுக்கு அது நடத்தைச் சந்தேகம். நம்ம வீட்டு ஆண்களே அப்படிக் கேட்பார்கள். அளத்துக்குப் போய் வருகிற பாதையில் எந்த ஆம்பிளையும் மறிக்காத பெண்ணை, சும்மா நடக்கிற பாதையில் வீட்டுக்காரனே மறிப்பான். இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் நம்முடைய உரிமைப்பேச்சு அரைகுறை.

வெயில் ஏறியது. பதநீர் குடித்தோம், நுங்கு தின்றோம். பேரன் வழியெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். சித்தப்பாவுக்கு மெதுவாக நடக்க வரவில்லை. நாற்பது வருசம் மூட்டை தூக்கிய கால். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம். "தாத்தா, மெதுவாப் போங்க, யாரும் விரட்டல" என்று பேரன் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு ஊருக்குள் சாலை நுழைகிற இடத்தில் நான் ஒன்றைப் பார்த்தேன். மடித்துக் கட்டியிருந்த வேட்டியைச் சித்தப்பாவின் கை தானாக இறக்கிவிட்டது. ஊரைத் தாண்டியதும் மறுபடி மடித்துக் கட்டியது. அவர் கவனிக்கவே இல்லை. அவருடைய கைக்கு அந்த ஊர் யார் ஊர் என்று தெரிந்திருந்தது.

உச்சி வெயிலுக்குப் படுக்க இடம் தேடினோம். சாலையோரம் ஒரு கல்மண்டபம், நல்ல நிழல், காற்று. சித்தப்பா அதைத் தாண்டிப்போய், முள்ளுக்கு நடுவில் நிழலே இல்லாத ஒரு உடைமரத்தடியில் துண்டை விரித்தார். "இங்க காத்து நல்லா வரும்" என்றார். பேரன் நேரே மண்டபத்தில் ஏறிப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான். "தாத்தா, இங்க வாங்க. ஜில்லுனு இருக்கு."

பைக்கில் வந்த ஒருத்தர் வண்டியை நிறுத்தினார். "எந்த ஊரு தம்பி?"

"தூத்துக்குடி."

"தூத்துக்குடில எங்க?"

"முத்தையாபுரம்."

"எங்க போறிய?"

"சும்மா நடக்கோம்."

"சும்மாவா?" என்று அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கடுத்த கேள்வி அவர் வாயில் நின்றது எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தெரிந்துகொள்ள நினைத்த விசயம் எங்கள் ஊர்ப் பெயரில் இல்லை. அதைத்தான் அவர் தேடினார். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா எழுந்து வந்தார். மண்டபத்துக்குள் ஏறவில்லை. படியில் பாதி வெயிலும் பாதி நிழலுமாக உட்கார்ந்துகொண்டார்.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். துறைமுகத்தில் வேலைநிறுத்தத்துக்கு முன்வரிசையில் நின்ற மனுசர். சட்டம் தாளில் தடையை அழிக்கும். முழங்காலிலும் கையிலும் பதிந்து கிடப்பதை அழிக்க அது போதாது. பேரன் மண்டபத்தில் சாதாரணமாக ஏறிப் படுத்தானே, அதற்கு இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது. அவனுக்கும் அந்தக் கேள்வியிலிருந்து விடுதலை இல்லை.

சாயங்காலம் முக்காணிப் பாலத்தில் நின்றோம். அக்கரையில் ஆத்தூர். அந்தப் பக்கத்து வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழே தாமிரபரணி புன்னக்காயலில் கடலில் சேருவதற்காகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு நடையைப் பற்றி மட்டும் யோசிக்க என்னால் முடியவில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, கூலி உயர்வும் சிறையிலிருந்தவர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. 2018 மே 22 அன்று இதே தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், மக்கள் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள். பரதவர், நாடார், தலித் என்று பிரிந்து கிடந்த ஊர், பெண்களும் பிள்ளைகளுமாக அன்றைக்கு ஒன்றாக நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள்.

இரண்டும் சும்மா நடந்த நடை இல்லை, கோரிக்கையோடு நடந்தவை. ஆனாலும் மண்டபத்தில் வந்து நின்ற கேள்விக்கும் இவற்றுக்கும் உறவு இருக்கிறது. அளத்துக்கும் தோட்டத்துக்கும் ஆயிரம் பேர் தினமும் நடக்கிறார்கள். அது யாருக்கும் பயமில்லை. அதே ஆயிரம் பேர் ஒரு நாள் தாங்களாக முடிவெடுத்துக் கிளம்பினால் அதிகாரத்துக்கு வேர்த்துவிடுகிறது. ஏவின நடை ஒழுங்கு, ஏவாத நடை கலகம். தனி ஆளிடம் "உனக்கு என்ன சோலி?" என்று வருகிற கேள்விதான் கூட்டத்திடம் தடியாகவும் தோட்டாவாகவும் வருகிறது.

இனி தோழருக்கு வருகிறேன். ஓய்வும் உலாவும் துரைமார் பழக்கம் என்றார். மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் 1880-இலேயே சோம்பியிருக்கும் உரிமை என்று தொழிலாளிக்காக எழுதினார். அது கிடக்கட்டும். நம்முடைய அம்பேத்கர் 1945-இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் காந்தியத்தை மறுக்கும்போது எதை வைத்து மறுக்கிறார்? ஓய்வை வைத்துத்தான். விலங்கு வயிற்றுக்காக வாழ்கிறது. மனுசனுக்குப் பண்பாடு உண்டு. பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும். எல்லாருக்கும் ஓய்வு கிடைக்க இயந்திரம் வேண்டும் என்பது அவர் வாதம். ராட்டை சுற்றிக்கொண்டே இரு என்பது உழைக்கிறவனை விலங்காகவே வைத்திருக்கிற யோசனை என்று அவர் பார்த்தார். 1946-இல் தொழிற்சாலை வேலை வாரத்துக்கு 54 மணி என்பது 48 மணியாகக் குறைந்தபோது தொழிலாளர் துறை அவர் பொறுப்பில்தான் இருந்தது. நிலமும் கூலியும் கேட்ட மனுசர்தான் மணிக்கணக்கையும் கேட்டார்.

வேலை இல்லாமல் இருப்பது ஓய்வு ஆகாது என்பதையும் அளத்துக்காரர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் பாத்தியில் தண்ணீர் நிற்கும், வேலை நிற்கும். அந்த நாட்களில் யாரும் காலாற நடப்பதில்லை, கடனுக்காக நடப்பார்கள். சமீப வருசங்களில் அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது நல்ல காரியம். அது அடுப்புக்குக் காணும், ஓய்வுக்குக் காணாது. பசியில்லாத வயிறும் பயமில்லாத மனசும் சேர்ந்தால்தான் "சும்மா" என்கிற நிலை வரும். கூலி, நிலம், வழக்கு என்று நாம் போராடுவதெல்லாம் கடைசியில் எதற்காக? அந்த அம்மா பகலில் கடக்கரைக்கு இன்னொரு தடவை சும்மா நடந்து போவதற்காகவும்தான். இதை வெளியே சொல்ல நாம் வெட்கப்படுகிறோம். உழைப்பைச் சொன்னால்தான் நமக்கு மரியாதை என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். உழைக்காத நேரத்தில் நமக்கு மரியாதை உண்டா என்பதுதான் சரியான சோதனை.

ஆக, வழியில் வேலை செய்கிறவர்களைத் தாண்டி உலாத்துகிறவன் வெட்கப்பட வேண்டுமா? அவர்கள் நாளையும் சேர்த்துத் தின்று கொழுத்தவனாக இருந்தால் வெட்கப்படட்டும். அவர்களுக்குள் ஒருத்தன் என்றால் வெட்கம் தேவையில்லை. திரும்பி வந்து, அந்த நாள் எப்படி இருந்தது என்று சொல்லுகிற கடமை அவனுக்கு உண்டு. சுகத்தை ருசி பார்க்காதவனால் அதை முழுசாகக் கேட்டு வாங்கவும் முடியாது.

இந்தக் கோடைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஊர்வலம் வேண்டாம், கோஷம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்டு பிள்ளைகளோடு, காலில் செருப்பு, கையில் குடை, தூக்குவாளியில் சோறு. பொதுச்சாலை எந்தெந்த ஊர் வழியாகப் போகிறதோ அந்தந்த ஊர் வழியாக மெதுவாக நடப்போம். நிழல் நல்லா இருக்கிற இடத்தில் உட்காருவோம். பெண்கள் முன்னால் நடக்கட்டும். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால் அது மடித்தபடியே இருக்கட்டும். யாராவது எங்க போறிய என்று கேட்டால் சும்மாதான் என்போம். அதற்குமேல் கேள்வி வந்தால், அந்தக் கேள்வியை எங்கே, யார், என்றைக்குக் கேட்டார்கள் என்று எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். கேள்வி வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.